விசிறியை மாற்றப் போய் கார்டைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்

கிராஃபிக்ஸ் கார்டின் விசிறி சுற்றாமல் நிற்பது கண்ணில் பட்டவுடன் பலர் புது விசிறி தேடத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் தவறு அங்கேதான். இப்போதைய கார்டுகள் பலவற்றில், சூடு குறைவாக இருக்கும்போது விசிறி தானாகவே நின்றுவிடும். கார்டின் முக்கியச் சில்லின் (சிப்பின்) வெப்பம் ஏறக்குறைய 50, 60 டிகிரி செல்சியஸை எட்டும்வரை இறக்கை அசையாது. சத்தம் வேண்டாம் என்று தயாரிப்பாளரே செய்துவைத்த ஏற்பாடு அது. ஆகவே, கார்டுக்கு வேலை கொடுக்கும் ஒரு விளையாட்டைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, வெப்ப அளவையும் விசிறியையும் சேர்த்துப் பாருங்கள். கார்டு நன்றாகச் சூடேறிய பிறகும் விசிறி நின்றபடியே இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பிறகு கணினியை அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, இறக்கையை விரலால் சுழற்றுங்கள். நல்ல விசிறி விரலை எடுத்த பிறகும் ஓரிரு சுற்று ஓடி நிற்கும். பேரிங் (இறக்கையின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பகுதி) தேய்ந்தது விரலோடு நின்றுவிடும், அல்லது தள்ளாடும். தடையின்றிச் சுழன்றும் மின்சாரத்தில் ஓடவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். கார்டில் இரண்டு விசிறிகள் இருந்து, இரண்டுக்கும் ஒரே மாதிரியான தனித்தனி கனெக்டர் இருந்தால் இடம் மாற்றிச் செருகிப் பார்க்கலாம். ஓடிக்கொண்டிருந்த விசிறியும் அந்த இடத்தில் ஓடவில்லையென்றால் பழுது கார்டில்தான். புது விசிறி வாங்கிப் பயனில்லை.

எண்ணெய் விடுவது பற்றி ஒரு வார்த்தை. தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில விசிறிகள் கொஞ்ச நாள் ஓடும். புது விசிறி வந்துசேரும்வரை தாக்குப்பிடிக்க அது போதும், நிரந்தரத் தீர்வல்ல. துரு நீக்கும் ஸ்பிரேயை மட்டும் அடிக்காதீர்கள். அது பேரிங்கில் மிச்சமிருக்கும் கிரீஸையும் கரைத்துவிட்டு உலர்ந்துபோகும்.

இனி, அதிகம் பேர் ஏமாறும் இடத்துக்கு வருவோம். கார்டின் பெயரை வைத்து மட்டும் விசிறி வாங்குவது, அல்லது ஸ்கேலை வைத்து விட்டத்தை அளந்து வாங்குவது. ஒரே பெயருள்ள கார்டே வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விசிறியோடு வெளிவந்திருக்கலாம். விசிறியின் நடுவில் தெரியும் ஸ்டிக்கர் பெரும்பாலும் அழகுக்கு ஒட்டியது. நமக்கு வேண்டிய குறியீடு பல விசிறிகளில் பின்பக்கம், கழற்றினால் மட்டுமே தெரிகிற இடத்தில் இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான குறியீடு, அதையொட்டி 12 வோல்ட், 0.40 ஆம்பியர் என்பதுபோல் ஒரு வரி. கடைசி எழுத்துவரை அப்படியே பொருந்த வேண்டும். ஆகவே முதலில் கழற்றுங்கள், படியுங்கள், பிறகு வாங்குங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். விட்டம் சரியாக இருக்கிறதே என்று ஒரு விசிறி வாங்கினேன். திருகுத் துளைகள் மூன்றும் 2 மில்லிமீட்டர் தள்ளியிருந்தன. திருப்பி அனுப்பச் சோம்பல்பட்டு, சூடான பசையால் ஒட்டிவிட்டேன். ஹீட்சிங்க்கின் (சில்லின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகளின் அடுக்கு) சூட்டில் பசை இளகி, ஒரு வாரத்தில் விசிறி சாய்ந்து, தகடுகளில் உரசி மரம் அறுப்பதுபோல் சத்தம் போட்டது. துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

கனெக்டரிலும் கவனம் வேண்டும். இரண்டு கம்பி என்றால் மின்சாரம் மட்டும். மூன்றாவது, வேகத்தைக் கார்டுக்குத் தெரிவிப்பது. நான்காவது, வேகத்தைக் கட்டுப்படுத்துவது. கனெக்டர் கச்சிதமாகப் பொருந்தினாலும் கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம், நிறத்தையும் முழுக்க நம்ப முடியாது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் செருகாதீர்கள். மூன்று விசிறி உள்ள கார்டுகள் சிலவற்றில் நடு விசிறி எதிர்த்திசையில் சுற்றும். அந்த இடத்துக்கு அதற்கென்றே செய்த விசிறிதான் வேண்டும்.

கழற்றும்போது கண்ணில் படும் திருகையெல்லாம் கழற்றுவது இன்னொரு தவறு. கார்டின் பின்பக்கம், சில்லைச் சுற்றியுள்ள நான்கு திருகுகள் பொதுவாக ஹீட்சிங்க்கைப் பிடித்திருப்பவை. பல கார்டுகளில் அவற்றைத் தொடாமலே மேல்மூடியை மட்டும் எடுத்து விசிறியை மாற்றிவிடலாம். ஹீட்சிங்க் ஒருமுறை அசைந்துவிட்டால், சில்லுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் களிம்பான பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்துப் புதிதாகத் தடவியே ஆக வேண்டும். நினைவகச் சில்லுகள் மேலுள்ள தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டை) கிழிந்தால் அதே தடிமனில் வாங்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு, முக்கியச் சில்லின்மேல் சரியாகப் படியாமல் போகலாம். திரும்ப மாட்டும்போது நான்கு திருகுகளையும் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால், மேலே உறையில்லாத அந்தச் சில்லின் மூலை உடைந்துபோக வாய்ப்புண்டு.

கம்பியைப் பிடித்து இழுப்பதைப்போல் கார்டைக் கெடுக்கும் காரியம் வேறில்லை. கனெக்டர் ஹீட்சிங்க்கின் ஓரத்துக்கு அடியில், விரல் நுழையாத இடத்தில் இருக்கும். இறுக்கமாகவும் உட்கார்ந்திருக்கும். பொறுமையிழந்து இழுத்தால் கம்பி மட்டும் கையோடு வரும், சில நேரம் கார்டில் பற்றவைத்த சாக்கெட்டே பெயர்ந்து வரும். பிளாஸ்டிக் இடுக்கியால் கனெக்டரின் இரு பக்கத்தையும் பிடித்து, இடமும் வலமுமாக ஆட்டி, மயிரிழை மயிரிழையாக வெளியே கொண்டுவாருங்கள். திருகுகள் பல நீளத்தில் இருக்கும். ஒரு தாளில் கார்டை வரைந்து அந்தந்த இடத்தில் வைத்துவிட்டால் குழப்பம் இல்லை.

தூசியை ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் புது பேரிங்கும் வீணாகும்.

பொருத்தமான விசிறி கிடைக்காமல், கேபினெட் விசிறியைக் கட்டி மதர்போர்டில் இணைப்பவர்கள் உண்டு. தவறில்லை, ஆனால் அதன் வேகம் வழக்கமாக ப்ராசசரின் சூட்டைப் பார்த்தே கூடிக் குறையும். கார்டு கொதித்தாலும் அது மெல்லத்தான் சுற்றும். வேகத்தை நாமே உயர்த்தி வைக்க வேண்டும்.

எல்லாம் மாட்டியதும், கம்பி எதுவும் இறக்கையில் உரசாமல் இருக்கிறதா என்று கையால் ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டு, கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்துவைத்தே கணினியை இயக்குங்கள். வேலை கொடுத்த சில நொடிகளிலேயே வெப்பம் எகிறினால், குறை விசிறியில் இல்லை, ஹீட்சிங்க் சரியாகப் படியவில்லை. சில கார்டுகளில் விசிறிகள் தொடக்கத்தில் ஓரிரு நொடி வேகமாகச் சுற்றிவிட்டு நின்றுவிடும். ஐயோ, இதுவும் போய்விட்டதே என்று மறுபடியும் திருப்புளியைத் தேடாதீர்கள்.