தடித்த கம்பி போட்டால் வீல் உறுதியாகிவிடாது

ஃபேட் பைக்கில் (மிக அகலமான டயர் கொண்ட சைக்கிள்) ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மின்மோட்டார்) மாட்டப் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். வயரை மாற்றிக் கொடுப்பது, நட்டை இறுக்க மறப்பது எல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும். அவற்றை விடுங்கள்.

அளக்காமல் மோட்டார் வாங்குவது

ஃபேட் பைக்குகளில் பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 170, 175, 190 மி.மீ. என்று பலவிதம். 135 மி.மீ. மோட்டாரை வாங்கி, மிச்சத்தை வாஷர் அடுக்கி நிரப்பாதீர்கள். 177, 197 என்றால் அநேகமாக த்ரூ ஆக்ஸில், அதாவது ஹப்பை ஊடுருவிச் செல்லும் தனி அச்சு. சாதாரண ஹப் மோட்டார் அதில் உட்காராது.

12 கேஜ் மோகம்

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். கனமான மோட்டார், அதனால் தடித்த ஸ்போக் கம்பி என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும்.) நண்பர் ஒருவர் அப்படிக் கட்டிய வீலைக் கொண்டுவந்தார். உடைந்த கம்பிகள் எல்லாமே ஹப் பக்க வளைவில் முறிந்திருந்தன. மீதிக் கம்பிகளைச் சுண்டினேன். பாதி மந்தமாக ஒலித்தன, அதாவது தளர்ந்திருந்தன. "இன்னும் தடிமனா கிடைக்குமா?" என்று கேட்டார்!

பாரம் ஏறும்போது கீழே வரும் கம்பிகளின் இழுவை குறையும். முறுக்கும்போது நன்றாக நீண்ட கம்பி அப்போதும் விறைப்பாகவே இருக்கும். ஒரே இழுவையில் 2 மி.மீ. கம்பி நீள்வதில் 60 சதவீதம்தான் 12 கேஜின் 2.6 மி.மீ. கம்பி நீளும். ஹப் மோட்டாருக்குக் கம்பியும் குட்டை, அதனால் இன்னும் குறையும். சரி, கூடுதலாக முறுக்கலாமே என்றால் ரிம் தாங்காது. ஆக, ஒவ்வொரு சுற்றிலும் கம்பி தளர்ந்து இறுகும். நிப்பிள் (கம்பியை ரிம்மில் பிடிக்கும் சிறு நட்டு) கழன்றுவரும், வளைவு சோர்ந்து முறியும். வளைவில் 2.3, நடுவில் 2 மி.மீ. உள்ள 13-14 கேஜ் கம்பி போதும். ஹப் துளை பெரிதாக இருந்தால் கம்பித் தலைக்கு அடியில் வாஷர் போடுங்கள்.

மூன்று கிராஸ் பின்னல்

ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்கும் பின்னல் இது. பெரிய ஹப்புக்கு வேண்டாம். கம்பி ரிம்மில் சாய்வாக நுழையும், நிப்பிள் அருகே வளையும், மரையில் ஒடியும். ஒரு கிராஸ் போதும்.

கம்பி நீளம்

ரிம்மைக் கையில் வைத்து அளந்த பிறகு கம்பி வாங்குங்கள்.

டார்க் ஆர்ம்

போடுங்கள். ஆக்ஸிலை ஃபிரேமோடு பிடித்துக்கொள்ளும் தகடு இது. இல்லாமல் ஆக்ஸில் சுழன்றால் வயரையும் முறுக்கி அறுத்துவிடும்.

வயர்

ஆக்ஸிலிலிருந்து வெளியே வந்ததும் கீழ்நோக்கித் தொங்கி, அப்புறம் மேலே ஏற வேண்டும். இல்லையென்றால் மழைத்தண்ணீர் வயர் வழியே நேராக மோட்டாருக்குள் போகும்.