பன்னிரண்டு நொடியில் கடந்துவிட முடியுமா? முதியவர்களுக்கான சாலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாதசாரி நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துத்தான் பல இடங்களில் சிக்னலுக்கு நேரம் குறிக்கிறார்கள். நான்கு தடங்கள், 14 மீட்டர் அகலம் என்றால் 12 நொடி. கைத்தடி ஊன்றி வரும் ஒரு பாட்டி நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தாலே பெரிது. நடைபாதையிலிருந்து காலை இறக்கவே இரண்டு நொடி போய்விடும். பச்சை அணையும்போது இரண்டாவது தடத்தை இப்போதுதான் தாண்டியிருப்பார். இன்னும் 6 மீட்டர் பாக்கி. ஹாரன் சத்தம் அவர்மேல் பாய்கிறது, ஆனால் தவறு கணக்குப் போட்டவருடையது.

இதைத் திருத்த முடியும். அமெரிக்காவில் நொடிக்கு 4 அடி என்றிருந்த கணக்கை 2009-ல் 3.5 அடியாகக் குறைத்தார்கள். சிங்கப்பூரில் மூத்தவர்கள் தங்கள் அட்டையை சிக்னல் கம்பத்தில் காட்டினால் பச்சை நேரம் கூடும்.

நேரத்தைக் கூட்ட இடமில்லை என்றால் நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு வேண்டும். பெயின்ட் அடித்த கோடு திட்டாகாது. நடைச்சட்டத்தோடு (வாக்கர்) ஒருவர் நிற்க 2 மீட்டர் அகலமாவது வேண்டும். திட்டுக்குப் பதிலாக நடைமேம்பாலம் கட்டுவதை நான் பெரிய தவறு என்பேன். முழங்கால் வலிக்காரர் படியேற மாட்டார். கீழேயே குறுக்கே போவார்.

வண்டி ஓட்டும் முதியவருக்குக் கடினமான இடம், எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே திரும்பும் இடம். வருகிற வண்டியின் வேகத்தைக் கணிப்பது வயதானால் சிரமம். அந்த முடிவை அவர் தலையில் சுமத்தாமல், திரும்புவதற்குத் தனிப் பச்சை கொடுக்கலாம். ஒற்றைத் தட ரவுண்டானா இன்னும் நல்லது: நாற்சந்தியில் வண்டிகள் மோதிக்கொள்ளக்கூடிய 32 புள்ளிகள் அங்கே 8 ஆகிவிடும்.

அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதில் கிடைத்த ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. அதற்காகக் கண் கூசும் விளக்கை மாட்டினால் நிலைமை மோசமாகும், ஏனென்றால் கூச்சத்திலிருந்து அந்தக் கண் மீளவும் தாமதமாகும். வெளிச்சம் ஜீப்ரா கோட்டின்மேல் விழட்டும், ஓட்டுநர் முகத்தில் வேண்டாம். பலகையில் எழுத்து பெரிதாகவும் ஊர்ப்பெயர்கள் குறைவாகவும் இருக்கட்டும்.

நடைபாதைச் சாய்தளத்தின் அடியையும் குனிந்து பாருங்கள். தார் போட்டவர்கள் அங்கே இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பை விட்டுப் போயிருப்பார்கள். காலைத் தூக்கி வைக்க முடியாமல் தேய்த்து நடப்பவருக்கு அந்த இரண்டு விரல் போதும், தடுக்கி விழ.