பழைய சண்டை விளையாட்டுத் தொகுப்புகளை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களின் காலத்துச் சண்டை விளையாட்டுகளைத் திரட்டி கன்சோலுக்குக் கொண்டுவரும் தொகுப்பு ஒன்று வெளியானதும், பலரும் முதலில் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். இத்தனை விளையாட்டுகள், இவ்வளவு விலை, ஆகவே லாபம் என்று கணக்கு முடிந்துவிடுகிறது. 2018இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ முப்பதாம் ஆண்டுத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள 12 ஆர்கேட் விளையாட்டுகளில் ஐந்து, ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’இன் அடுத்தடுத்த பதிப்புகள். 1987இல் வந்த முதல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ வரலாற்று ஆர்வத்தோடு ஒருமுறை திறந்து பார்ப்பதற்கு உரியது. அதை நாள்தோறும் ஆட யாரும் உட்காரப்போவதில்லை. இணையவழி மோதலுக்கான வசதி நான்கே நான்கு விளையாட்டுகளுக்குத் தரப்பட்டது. இதனால் அந்தத் தொகுப்பு மோசம் என்று ஆகிவிடாது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3’இன் கடைசிப் பதிப்பான ‘தேர்ட் ஸ்டிரைக்’ ஒன்றுக்காகவே நான் அதை வாங்கச் சொல்வேன். வாங்குகிறவர் உண்மையில் ஆடப்போவது இரண்டு அல்லது மூன்று விளையாட்டுகளைத்தான். அவை என்ன நிலையில் வந்திருக்கின்றன என்பதை அட்டையில் அச்சிட்ட எண் சொல்லாது.

வீட்டுப் பதிப்பின் நினைவை வைத்து ஆர்கேட் பதிப்பைக் குறைகூறுவதும் அடிக்கடி நடக்கிறது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா 3’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிளேஸ்டேஷனில் அதை ஆடி வளர்ந்தவர்களுக்கு கைல், ஃபெய் லாங், டி. ஹாக், டீ ஜே ஆகிய பாத்திரங்கள் அந்த விளையாட்டின் பிரிக்க முடியாத பகுதி. ஆனால் 1998இன் ஆர்கேட் பலகையில் (இயந்திரத்துக்குள் விளையாட்டை ஓட்டும் மின்சுற்றுப் பலகை) அவர்கள் இல்லை. வீட்டுப் பதிப்புக்காகச் சேர்க்கப்பட்டவர்கள். ஆகவே 2018 தொகுப்பில் அவர்களைக் காணாமல் ‘வெட்டிவிட்டார்கள்’ என்று கோபப்படுவது நியாயமில்லை. அவர்கள் இடம்பெறும் ‘ஆல்ஃபா 3 அப்பர்’ 2025 மே மாதம் வந்த ‘கேப்காம் ஃபைட்டிங் கலெக்‌ஷன் 2’இல் உள்ளது. ஒரே பெயருக்குள் பல பதிப்புகள் இருக்கும். எந்தப் பதிப்பு உள்ளே இருக்கிறது என்று பார்க்காமல் மதிப்பெண் போடக் கூடாது.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்: உள்ளீட்டுத் தாமதம். பொத்தானை அழுத்திய கணத்துக்கும் திரையில் கை நீள்கிற கணத்துக்கும் இடையிலான இடைவெளி இது. நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் தனிப் படம்) ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேம் என்பது சுமார் 16.7 மில்லி வினாடி. மூலப் பலகையைவிட நான்கு ஃபிரேம் கூடுதல் தாமதம் என்றால் 67 மில்லி வினாடி போய்விட்டது. சாகச விளையாட்டில் இது கண்ணுக்கே தெரியாது. சண்டை விளையாட்டில், பார்த்துத் தடுக்கக்கூடிய அடி தடுக்க முடியாததாக மாறிவிடும்.

சண்டை விளையாட்டுகளுக்கான 2004 இவோ போட்டியில், ‘தேர்ட் ஸ்டிரைக்’ ஆட்டத்தில், ஜஸ்டின் வாங்கின் சுன்-லீ தொடுத்த சூப்பர் தாக்குதலை, உயிர் ஒரு கோடாக மெலிந்திருந்த கென்னை வைத்துக்கொண்டு தைகோ உமேஹாரா அடிக்கு அடி பாரி செய்ததை (அடியைச் சேதமின்றித் தட்டிவிடுவதை) இந்த விளையாட்டை நேசிப்பவர்கள் பலமுறை பார்த்திருப்பார்கள். பாரி செய்ய, அடி விழுகிற நேரத்தில் எதிராளியின் பக்கம் குச்சியைத் தட்ட வேண்டும். அந்தத் தாளம் கை விரலில் பதிந்திருக்கும். தொகுப்பில் தாமதம் கூடுதலாக இருந்தால் தட்டல் சரியாகவே இருக்கும், திரை பிந்திவிடும். ஆடுபவர் தன் திறமை மழுங்கிவிட்டது என்று எண்ணிக்கொள்வார். ‘தேர்ட் ஸ்டிரைக்’ உள்ள எந்தத் தொகுப்பையும் இந்த ஒரு தாக்குதலை வைத்தே சோதித்துவிடலாம்.

ஆனால் தாமதத்தின் பழியைத் தொகுப்பின் தலையில் மட்டும் போடுவதும் தவறு. டிவியின் படத்தை மெருகேற்றும் அமைப்புகள் தாமே பல ஃபிரேம்களை விழுங்கும். முதலில் கேம் மோடுக்கு மாற்ற வேண்டும். கம்பியில்லாக் கண்ட்ரோலருக்குப் பதிலாகக் கம்பியுள்ளதைச் செருகிப் பார்க்க வேண்டும். பிறகு அதே டிவியில், அதே கண்ட்ரோலரில், விரைவாக ஈடுகொடுக்கும் என்று தெரிந்த வேறொரு சண்டை விளையாட்டை ஆடி ஒப்பிட வேண்டும். துல்லியம் வேண்டுமானால், நொடிக்கு 240 படம் எடுக்கும் செல்பேசி கேமராவில் பொத்தானையும் திரையையும் சேர்த்துப் படம்பிடித்து எண்ணலாம். ஒரு படத்துக்குச் சுமார் 4.2 மில்லி வினாடி. மூலப் பலகைக்கே சில ஃபிரேம் தாமதம் உண்டு என்பதால், எண்ணிக்கை பூஜ்யமாக வர வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

படத் தரத்தில் வேறு வகைக் குழப்பம். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ நிறுவனமான கேப்காமின் சிபிஎஸ்-2 என்ற ஆர்கேட் பலகை 384க்கு 224 புள்ளிகள் கொண்ட படத்தைத் தரும். புள்ளியைச் சதுரமாக வைத்தால் படம் ஏறத்தாழ அகலத்திரை அளவுக்கு நீண்டுவிடும். ‘நீட்டாமல் சுருக்காமல் காட்டுகிறார்கள், இதுதான் துல்லியம்’ என்று சிலர் பாராட்டுகிறார்கள். ஆர்கேட் பெட்டியின் பழைய குழாய்த் திரை நான்குக்கு மூன்று விகிதம் கொண்டது. அதே 384 புள்ளிகள் அந்த அகலத்துக்குள் நெருக்கப்பட்டன. வரைந்தவர்களும் அந்தத் திரையில் பார்த்துத்தான் சரிசெய்தார்கள். சதுரப் புள்ளியில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ நாயகன் ரியூ குண்டாகத் தெரிவது அதனால்தான்.

நான்குக்கு மூன்றில் வைத்தாலும் கவனிக்க ஒன்று உண்டு. 1080 வரித் திரையை முழு உயரத்துக்கு நிரப்பினால் 1440 புள்ளி அகலம் கிடைக்கும். அதை 384ஆல் வகுத்தால் 3.75. முழு எண் வராததால், வடிகட்டி (படத்தின் தோற்றத்தை மாற்றும் ஃபில்டர்) இல்லாத படத்தில் சில புள்ளிகள் மூன்று அகலத்திலும் சில நான்கு அகலத்திலும் விழும். படம் நின்றிருக்கும்போது தெரியாது. பாத்திரம் நடந்து பின்னணி நகரும்போது, மதில் கோடுகளும் முகத்தின் ஓரங்களும் நெளிவதைப் பார்க்கலாம். ஆகவே ஒரு தொகுப்பை ஸ்கிரீன்ஷாட்டை வைத்து எடைபோடாதீர்கள். ஓடும் படத்தைப் பாருங்கள். வடிகட்டிகளை ‘படத்தை மங்கலாக்குபவை’ என்று ஒரேயடியாக ஒதுக்குவதும் அவசரம். நன்றாகச் செய்த குழாய்த்திரை வடிகட்டி இந்த நெளிவை மறைத்து, நிறங்களின் கலப்பையும் ஓரளவு மீட்டுத் தரும். மோசமானது திரைமேல் கறுப்புக் கோடுகளை மட்டும் இழுத்துவிட்டு ஒளியைக் குறைக்கும்.

சில சமயம் குறையாகத் தோன்றுவதே நேர்மையாக இருக்கும். முதல் ‘மார்ட்டல் காம்பாட்’ ஆர்கேட் இயந்திரம் நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கவில்லை, சுமார் 54.7 முறைதான். வேகத்தை மாற்றாமல் 60 ஹெர்ட்ஸ் திரையில் காட்டினால் நொடிக்கு ஐந்தாறு ஃபிரேம்கள் இருமுறை வரும், அசைவில் மெல்லிய தடுக்கல் தெரியும். தடுக்கலே இல்லாமல் வழவழப்பாக ஓடினால், மாறும் புதுப்பிப்பு வசதியுள்ள திரையாக இருக்க வேண்டும், அல்லது விளையாட்டு பத்து சதவீதம் அளவுக்கு வேகமாக ஓடுகிறது என்று பொருள். அதுபோலவே ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ’ வேகத்தை ஏற்றும்போது ஃபிரேம்களைத் தாண்டிச் செல்வது எமுலேஷனின் (பழைய இயந்திரத்தை மென்பொருளால் போலச்செய்வதன்) பிழையன்று, மூலமே அப்படித்தான். அதில் கணினி எதிராளி இரக்கமே இல்லாமல் அடிப்பதும் காசு விழுவதற்காக அமைத்த கடினம். அதில் தோற்றுவிட்டுத் தொகுப்பைத் திட்டுவதில் பொருளில்லை. கடின அளவை மாற்றும் வசதி தந்திருக்கிறார்களா என்பதே கேட்கத் தக்க கேள்வி.

இணையவழி ஆட்டத்துக்கு ரோல்பேக் இருக்கிறதா என்பதை இன்று முதலில் பார்க்கிறார்கள், சரிதான். எதிராளியின் உள்ளீடு வரும்வரை காத்திராமல், அவர் என்ன செய்வார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டி, ஊகம் தவறினால் பின்சென்று திருத்துவது அந்த முறை. ஆனால் அட்டையில் அந்தச் சொல் இருந்தாலே போதும் என்று விட்டுவிடக் கூடாது. தொகுப்பின் எல்லா விளையாட்டுகளுக்கும் உண்டா, எதிராளியின் இணைப்புத் தரம் முன்கூட்டியே தெரியுமா, தாமத அளவை நாமே அமைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். அதோடு, எதிராளி கிடைக்க வேண்டும். 2022இன் ‘கேப்காம் ஃபைட்டிங் கலெக்‌ஷன்’ எல்லா விளையாட்டுக்கும் ரோல்பேக் தந்தது, ஆனால் ஒரு வகைக் கன்சோலில் ஆடுபவர் வேறு வகைக் கன்சோலில் ஆடுபவரோடு மோத வழியில்லை. அதிகம் பேர் ஆடாத ‘சைபர்பாட்ஸ்’ போன்றதில் இது பெரிய இழப்பு. நண்பர்கள் எந்தத் தளத்தில் இருக்கிறார்களோ அங்கே வாங்குவதே நல்லது.

ஓவியக் காட்சியகம், இசைப்பட்டியல், வடிவமைப்புக் குறிப்புகள் எல்லாம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அவற்றின் பளபளப்பில் மயங்கி மேலே சொன்னவற்றை மன்னிக்க வேண்டாம். பயிற்சி முறை அதைவிடப் பயனுள்ளது.

முதல் வாரத்து விமர்சனத்தை ஓராண்டு கழித்தும் வேதமாகக் கொள்வது இன்னொரு தவறு. 2024 செப்டம்பரில் வந்த மார்வெல்–கேப்காம் தொகுப்பில் ஏழு விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு விரைவுச் சேமிப்பு இடம்தான் இருந்தது. ஒன்றில் சேமித்தால் மற்றொன்றின் சேமிப்பு அழிந்துவிடும். பிறகு வந்த புதுப்பிப்பில் அது திருத்தப்பட்டது. எனவே விமர்சனத்தின் தேதியையும் பதிப்பு எண்ணையும் பாருங்கள்.

திருத்தங்கள் வரட்டும் என்று காத்திருப்பது பெரும்பாலும் நல்ல யோசனைதான், உரிமம் பெற்ற பாத்திரங்கள் இருக்கும் தொகுப்புகளைத் தவிர. ‘மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2’இன் டிஜிட்டல் பதிப்பு 2013 இறுதியில் கன்சோல் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. அது மறுபடியும் விற்பனைக்கு வர மேலே சொன்ன 2024 தொகுப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட தொகுப்பில் சிறு குறைகள் இருந்தாலும், தாமதமும் இணைய ஆட்டமும் சரியாக இருந்தால் விற்பனையில் இருக்கும்போதே வாங்கிவிடுவது மேல்.