எல்பே ஆற்றோர நாவல்களை மலையகத்தில் இருந்து வாசிப்பது எப்படி

ஹட்டனில் ஜெர்மன் மொழி கற்பிக்கிறேன். என்னிடம் படிப்பவர்களில் பெரும்பாலானோர் தாதியர் பயிற்சிக்காக ஜெர்மனி செல்லக் காத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைகள். பி1 என்ற இடைநிலை மொழிப் பரீட்சையைத் தாண்டியதும், "மிஸ், இனி எதை வாசிக்கலாம்?" என்று கேட்பார்கள். எல்பே ஆறு வட கடலை நெருங்கும் இடத்தில், ஆற்றோரத் தாழ்நிலக் கிராமங்களில் நடக்கும் குற்ற நாவல்களையும் குடும்ப நாவல்களையும்தான் எடுத்துக் கொடுக்கிறேன். அந்தக் கதைகளில் உரையாடல் அதிகம். மொழி ஓரளவு எளிது. அதைவிட முக்கியமான காரணம், அவை மண் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் பிறப்பவை. அந்தக் கேள்வியோடு வளர்ந்த நமக்கு, பிணம் கிடைக்கும் முன்பே கதை பிடிபட்டுவிடும். ஆனால் அதற்குச் சில விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் அத்தியாயத்துக்கு முன் வரைபடத்தைத் திறவுங்கள். ஹம்பர்க் நகரில் இருந்து ஆற்றோடு மேற்கே போங்கள். தென்கரையில் யோர்க், ஷ்டாடே ஊர்களைச் சுற்றி இருப்பது ஆல்டெஸ் லாண்ட். ஜெர்மனியின் மிகப் பெரிய பழத்தோட்டப் பிரதேசம் அது. ஆப்பிளும் செர்ரியும் விளையும். அதற்கு வடக்கே கேடிங்கன். எதிர்க்கரையில் கிரெம்பர் மார்ஷ், வில்ஸ்டர் மார்ஷ். மார்ஷ் என்றால் ஆற்றோரத் தாழ்நிலம். வில்ஸ்டர் மார்ஷில் கடல் மட்டத்துக்கு 3.54 மீற்றர் கீழே ஓர் இடம் இருக்கிறது. ஜெர்மனியில் மனிதர் நடக்கும் நிலத்தில் அதுவே மிகத் தாழ்ந்தது. ஆறாயிரம் அடிக்கு மேல் இருக்கும் நுவரெலியாவுக்குப் போய் வருகிறவர்கள் இதை நின்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

பிறகு ஒரு தாளில் நிலத்தின் குறுக்குவெட்டைக் கீறுங்கள். இடது ஓரத்தில் ஆறு. அடுத்து புல் மூடிய உயரமான வெள்ளத்தடுப்புக் கரை. அதில் ஆடுகள் மேயும், அவற்றின் குளம்பு மண்ணை இறுக்கும். கரைக்கு உட்பக்கம் பண்ணை வீடுகளும் பழமரங்களும், வரிசையாக வெட்டிய கான்களும். உள்ளே போகப் போக நிலம் இன்னும் தாழ்ந்து ஈரமாகும். கடைசியில் மணல் மேடு. அதற்கு கேஸ்ட் என்று பெயர். நம் தோட்டங்களில் மேட்டில் துரை பங்களாவும் பள்ளத்தில் லயனும் இருக்கும். அங்கே தலைகீழ். வளமான களிமண் பள்ளத்தில் இருப்பதால் பணக்கார விவசாயி பள்ளத்தில் இருப்பான், ஏழை மணல் மேட்டில் இருப்பான். "அவள் கேஸ்ட்டில் இருந்து வந்தவள்" என்று ஒரு மாமியார் நாவலில் சொன்னால், அந்த ஒரு வரியில் எத்தனை இளக்காரம் இருக்கிறது என்பது இந்தத் தாள் கையில் இருந்தால்தான் புரியும்.

அடுத்து தண்ணீர். மஸ்கெலி ஓயா மேலிருந்து கீழே மட்டும் ஓடுகிறது. எல்பே அப்படி அல்ல. கடல் ஏற்றம் ஹம்பர்க்கையும் தாண்டி கேஸ்ட்ஹாக்ட் தடுப்பணை வரை வருகிறது. நாளுக்கு இரண்டு முறை ஆறு திரும்பி ஓடுகிறது. ஆகவே ஓர் உடல் கரை ஒதுங்கிய இடத்துக்கு மேலே மட்டும் தேடும் பொலிஸ்காரரை நம்பாதீர்கள். கதையில் யாராவது ஏற்றம், இறக்கம் என்று நேரம் சொன்னால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். பாலத்தையும் கவனியுங்கள். ஹம்பர்க்கில் ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையைத் தாண்டினால், கடல் வரை ஆற்றைக் கடக்கப் பாலமே இல்லை. வடகரைக் கிளுக்ஷ்டாட்டுக்கும் தென்கரை விஷ்ஹாஃபனுக்கும் இடையே படகுச் சேவை உண்டு. எதிர்க்கரையில் இருந்ததாகச் சொல்பவன் படகில் வந்தானா, ஹம்பர்க்கைச் சுற்றி வந்தானா என்பதில் பெரிய நேர வித்தியாசம் ஒளிந்திருக்கும்.

இந்த நிலத்தின் பழைய சட்டம் ஒன்று உண்டு: கரை கட்ட மாட்டாதவன் நிலத்தை விட்டு விலக வேண்டும். ஒவ்வொரு விவசாயிக்கும் கரையின் ஒரு துண்டு பொறுப்பு. பராமரிக்க முடியாதவன் தன் மண்வெட்டியைக் கரையில் குத்திவிட்டுப் போவான். அதைப் பிடுங்குபவனுக்கு நிலமும் சேரும், கரைக் கடமையும் சேரும். தியடோர் ஸ்டோர்ம் 1888இல் எழுதிய 'டேர் ஷிம்மல்ரைட்டர்' ஒரு கரைப் பொறுப்பாளனின் கதை. அது நடப்பது கடலோரத்தில். ஆனாலும் கரைக்காக ஊர் ஒருவனை எப்படி வெறுக்கும் என்பதை அறிய அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. 1962 பெப்ரவரி 16 இரவில் கரைகள் உடைந்து ஹம்பர்க்கில் மட்டும் 315 பேர் இறந்தார்கள். நாவலில் வரும் முதியவர் எவரும் அந்த இரவை மறந்திருக்க மாட்டார். அவர் அன்று எங்கே இருந்தார் என்று கேட்டுக்கொண்டே வாசியுங்கள்.

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறேன்: வாரிசு. குறிப்புப் புத்தகத்தில் குடும்ப மரத்தை மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். முதல் பத்தியில் பண்ணையைப் பெற்றவர், இரண்டாவதில் பெறாமல் போன உடன்பிறந்தார், மூன்றாவதில் திருமணத்தாலோ அகதியாகவோ வந்து சேர்ந்தவர். வட ஜெர்மனியில் பண்ணை துண்டாகாமல் ஒரே பிள்ளைக்குப் போவதுதான் வழக்கம். 1947இல் பிரித்தானிய ஆக்கிரமிப்பு வலயத்தில் வந்த பண்ணைச் சட்டம் அதை எழுத்தில் உறுதி செய்தது. மற்றப் பிள்ளைகளுக்கு இழப்பீடு உண்டு. அது சந்தை விலையைவிட மிகக் குறைந்த பெறுமதியில் கணக்கிடப்படும். தந்தையும் தாயும் பண்ணையை எழுதிக்கொடுத்த பின் அதே வளவில், மகன் தர வேண்டிய அறை, சாப்பாடு, விறகு, பராமரிப்பு எல்லாம் எழுதிய ஒப்பந்தத்தின்படி வாழ்வார்கள். ஒரு மருமகள் முட்டையை எண்ணிக் கொடுக்கும் காட்சி வந்தால் அது சமையலறைக் காட்சி மட்டும் அல்ல, அந்த ஒப்பந்தத்தின் சண்டை.

என் வகுப்பில் நோர்வூட்டில் இருந்து வரும் ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், ஒரு வீட்டுக்காக அண்ணனும் தம்பியும் முப்பது வருடம் பேசாமல் இருப்பார்களா?" அவளுடைய பாட்டி பிறந்த லயன் அறைக்கு இன்றுவரை உறுதிப் பத்திரம் இல்லை. நான் அவளிடம், உறுதி இருக்கும் இடத்தில் சண்டை எப்படி இருக்கும் என்று பார், உறுதி இல்லாத இடத்தின் சண்டையோடு ஒப்பிட்டுப் பார், அப்போது இரண்டும் விளங்கும் என்றேன். கையில் இருந்த நாவலை அவள் ஒரே வாரத்தில் முடித்தாள்.

மூன்றாவது பத்தியைச் சிறியதாக விட்டுவிடாதீர்கள். 1945இல் கிழக்குப் புருசியா, பொமரேனியா, சிலேசியாவில் இருந்து விரட்டப்பட்ட மக்கள் இந்தப் பண்ணை வீடுகளின் அறைகளிலும் தொழுவங்களிலும் குடியமர்த்தப்பட்டார்கள். ஜெர்மானியரே ஆனாலும் ஊருக்கு அவர்கள் அந்நியர். டோர்ட்ட ஹான்சனின் 'ஆல்டெஸ் லாண்ட்' (2015) அப்படி வந்த ஒரு தாயும் மகளும் தங்கிய வீட்டில் தொடங்குகிறது. 1948இல் இலங்கைக் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தால் பிரிக்கப்பட்ட குடும்பங்களில் இருந்து வரும் நமக்கு, பல தலைமுறை கழிந்தும் 'வந்தவர்' என்று அழைக்கப்படுவதன் வலி விளக்கம் இல்லாமலே தெரியும். குற்ற நாவலில் பழைய பிணமும் பழைய இரகசியமும் பெரும்பாலும் இந்தப் பத்தியில் இருந்துதான் எழும்.

வீட்டையும் பாருங்கள். ஆல்டெஸ் லாண்ட்டின் பழைய மரச்சட்ட வீடுகளில் வெளியே கைப்பிடி இல்லாத ஓர் அலங்காரக் கதவு இருக்கும். உள்ளிருந்து மட்டுமே திறக்கும். மணப்பெண்ணை அதன் வழியே உள்ளே அழைப்பார்கள். இறந்தவரை அதன் வழியே வெளியே கொண்டுபோவார்கள். எழுத்தாளர் அந்தக் கதவை ஒரு முறை காட்டிவிட்டால் அது எப்போது திறக்கும் என்று காத்திருங்கள். சித்திரை, வைகாசியில் பூக்கும் ஆப்பிள் மரங்களுக்கு உறைபனி வந்தால் இரவெல்லாம் தண்ணீர் தெளிப்பார்கள். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் பூவைக் காக்கும். நுவரெலியாவில் துகள் உறைபனியில் கொழுந்து கருகுவதைக் கண்டவருக்கு அந்த இரவின் பதற்றம் தெரியும். ஊரே விழித்திருக்கும் இரவு என்பதால் கதாசிரியர்களுக்கு அது மிக வசதி.

பொலிஸ் பற்றிச் சுருக்கமாக: ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிப் பொலிஸ். தென்கரை கீழ்ச் சாக்சனி, வடகரை ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன். விசாரணைக்குத் தலைமை தாங்குபவர் அரச வழக்குத் தொடுநர். நம் திடீர் மரண விசாரணை அதிகாரியை அங்கே தேட வேண்டாம். கொமிஸார் என்பது பதவிப் பெயர். இவ்வளவு போதும்.

முதியவர்கள் பேசும் கீழ் ஜெர்மன் (வட ஜெர்மனியின் வட்டார மொழி) வரிகளில் நின்று அகராதி புரட்டாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் சொல்லும் பதிலில் பொருள் கிடைத்துவிடும். ஆனால் மண், நீர், மரம், கருவி பற்றிய சொற்களை விடவே விடாதீர்கள்; அவை புத்தகம் முழுக்கத் திரும்பி வரும்.

குடும்ப நாவல் ஒன்றை முதலில் வாசியுங்கள், குற்ற நாவலை அடுத்து. பண்ணை எப்படி நடக்கிறது என்று தெரியாமல் கொலையில் தொடங்கினால் சந்தேக நபர்கள் வெறும் பெயர்களாக நிற்பார்கள். ஜெர்மன் இன்னும் கைவராதவர்கள் ஹான்சனை ஆங்கிலத்தில் வாசிக்கலாம். கொழும்பில் உள்ள கோதே நிறுவனத்தில் நூலகம் இருக்கிறது. போகும்போது ஒருவர் தன் பெயரில் எடுத்து வந்தால் வகுப்பே சுற்றிச் சுற்றி வாசிக்கலாம். குறிப்புப் புத்தகத்தின் மூன்று பத்திகளையும் புத்தகத்தோடு சேர்த்து அடுத்தவருக்குக் கொடுங்கள், கொலையாளியின் பெயரை மட்டும் எழுதாமல்.