ஆறும் சூளையைத் திறப்பதில் நேரும் தவறுகள்

ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுப்பதில்லை என்பது சோற்றுக்குச் சொன்னது; அவசரத்தில் அங்கே நாக்குதான் சுடும். சூளையில் ஒரு மாத உழைப்பே கீறிப்போகும். 1,200 டிகிரி செல்சியசுக்கு மேல் சுடப்படும் ஸ்டோன்வேர் எனும் இறுகிய மண்கலங்களை மின்சூளையிலோ எரிவாயுச் சூளையிலோ சுடுகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் சிலவற்றை இங்கே தருகிறேன். பெரும்பாலானவற்றை நானும் செய்திருக்கிறேன்.

வெப்பமானி காட்டும் எண்ணை அப்படியே நம்புவதுதான் பெரிய தவறு. அது தன் முனை இருக்கும் இடத்தின் சூட்டைச் சொல்கிறதே தவிர, நடு அடுக்குத் தட்டில் நெருக்கி அடுக்கிய கலங்களின் சூட்டைச் சொல்வதில்லை. பார்வைத் துளையின் அடைப்பை எடுத்தால் எண் மளமளவென்று இறங்கும். மறுபடி அடைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஏறியிருக்கும். கலங்களும் அடுக்குத் தட்டுகளும் இன்னும் தேக்கி வைத்திருக்கும் வெப்பமே அந்த ஏற்றம்.

பொறுமையைத் தவறான நேரத்தில் செலவிடுவோரும் உண்டு. உச்ச வெப்பத்திலிருந்து ஏறத்தாழ 800 டிகிரி வரை கிளேஸ், அதாவது கலத்தின்மேல் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சு, இளகிய நிலையிலேயே இருப்பதால், அந்தக் கட்டத்தில் சூளை சற்று விரைவாக ஆறினாலும் கலம் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆபத்து அதற்குக் கீழேதான் இருக்கிறது. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற சிலிக்காக் கனிமம் 573 டிகிரியை ஒட்டித் திடீரெனச் சுருங்குகிறது. உயர் வெப்பத்தில் சுட்ட மண்ணில் கிறிஸ்டோபலைட் என்ற இன்னொரு சிலிக்கா வடிவம் உருவாகியிருந்தால், அது 226 டிகிரியை ஒட்டி இன்னும் கடுமையாகச் சுருங்குகிறது. இனி என்ன ஆகிவிடப் போகிறது என்று நாம் மூடியில் கைவைப்பதோ பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான்.

மறுநாள் ஒப்படைக்க வேண்டிய ஓர் ஆர்டருக்காக, ஒருமுறை 230 டிகிரியில் மூடியை ஒரு செங்கல் கனத்துக்குத் தூக்கி வைத்தேன். கால் மணி நேரத்துக்குள் உள்ளிருந்து 'ணங்' என்று ஓர் ஓசை வந்தது. பெரிய தட்டு ஒன்று விளிம்பிலிருந்து நடுவரை கீறியிருந்தது. அகன்ற தட்டின் விளிம்பு காற்றுபட்டு முதலில் ஆறிவிட, அடிப்பகுதி சூடான அடுக்குத் தட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரே கலம் இரண்டு அளவில் சுருங்கினால் கீறாமல் என்ன செய்யும்? விரிசலின் ஓரம் விரலை அறுக்கும் அளவுக்குக் கூராக இருந்தது. ஆறும்போது விழும் விரிசல் அப்படித்தான் இருக்கும். சூடேறும்போதே விழுந்த விரிசல் என்றால், பின்னர் உருகிய கிளேஸ் அதன் ஓரங்களை மழுக்கியிருக்கும்.

கிளேஸில் வலைபோல் படரும் நுண்விரிசலுக்கும் அவசரத்தையே காரணமாகச் சொல்வது முழு உண்மையன்று. மண்ணைவிட கிளேஸ் அதிகமாகச் சுருங்குவதுதான் மூலக் காரணம். அவசரமாகத் திறந்தால் அது முன்னதாக வெளிப்படும், அவ்வளவுதான். பொறுத்திருந்தால் வாங்கியவர் வீட்டு அலமாரியில் ஒரு மாதம் கழித்து வெளிப்படும்.

தடித்த கையுறை வாங்கிய பிறகு என் அவசரம் கூடியதே தவிரக் குறையவில்லை. கையுறை கையைத்தான் காக்கும்; கலத்தை அன்று. 200 டிகிரியில் எடுத்த குவளையைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் அடிப்பாகம் விட்டுப் போகும். திறந்த சூளையின் எதிரே மின்விசிறியைச் சுழலவிடுவதும் இதே வகைதான். அதில் மூடியின் செங்கல்லும் வெடிக்கும்.

வைக்கோலும் வறட்டியும் இட்டு மூட்டம் போட்டுச் சுடும் குயவர்கள் மறுநாள் காலையே பிரிக்கிறார்களே என்று கேட்பதுண்டு. குறைந்த வெப்பத்தில் வெந்த மண்பானையில் நுண்துளைகள் மிகுதி. திடீர்ச் சூட்டையும் குளிரையும் அது தாங்கும். அதனால்தான் அடுப்பிலும் ஏற்றுகிறோம். இறுகி வெந்த ஸ்டோன்வேருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

நான் இப்போது 120 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே மூடியை விரலளவு தூக்குகிறேன். வெறுங்கையால் எடுக்க முடிகிறபோதுதான் கலங்களை இறக்குகிறேன். ஆர்டருக்கு நாள் குறிக்கும்போது, சூளை ஆறுவதற்கென்று இரண்டு நாளைத் தனியாகக் கூட்டிவிட்டே தேதி சொல்கிறேன்.