காலை ரயிலில் இறங்கி இரவு ரயிலில் ஏறுகிறவர்கள் ராமேஸ்வரத்தில் செய்யும் தவறுகள்

இந்த அழைப்பு எப்போதும் இரவு ஒன்பதரை மணிக்குத்தான் வரும். "மச்சான், ரயில் ஏறிவிட்டோம். விடிகாலையில் ராமேஸ்வரம். நாளை இரவே திரும்புகிறோம். என்னென்ன பார்க்கலாம், சொல்லு." ராமேஸ்வரம் தீவுக்கு இக்கரையில், மண்டபம் என்ற ஊரில் வீடு வைத்திருப்பவன் என்ற ஒரே தகுதியில், வருடத்துக்கு ஏழெட்டு முறையாவது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்பவர் எழுதிக்கொள்கிறாரா என்பதும் சந்தேகம்தான். ஆகவே நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

சுற்றுலாக் கப்பலில் போகிறவர்களுக்கு ஒரு துறைமுகத்தில் ஒரு பகல்தான் கிடைக்கும். காலையில் இறங்கலாம், மாலையில் குறித்த நேரத்தில் கப்பல் கிளம்பிவிடும். எங்கள் கரைக்கு அவ்வளவு பெரிய கப்பல் வருவதில்லை. பாக் நீரிணையில் அதற்கு ஆழம் போதாது. ஆனால் அந்த அவசரம் எங்களுக்குப் பழக்கமானதுதான். 1914இலிருந்து போட் மெயில் என்ற ரயில் தனுஷ்கோடி வரை ஓடியது. அங்கே காத்திருக்கும் நீராவிக் கப்பலில் ஏறித் தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக்கு ரயில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் நின்றது. இன்று கப்பலின் இடத்தில் ரயில் நிற்கிறது: காலையில் இறக்கிவிட்டு, இரவு ஏற்றிக்கொண்டு போகிறது. நடுவில் உள்ள பகலில்தான் எல்லாத் தவறுகளும் நடக்கின்றன.

முதல் தவறு, இடங்களை எண்ணுவது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஆட்டோக்காரர்கள் அட்டையை நீட்டுவார்கள்: பத்து இடம், பன்னிரண்டு இடம், பதினைந்து இடம். நம் ஆள் உடனே பதினைந்தைப் பிடித்துக்கொள்வார். அந்தப் பதினைந்தில் பாதி, ஒரே சாலையில் அடுத்தடுத்து இருக்கும் சின்னத் தீர்த்தங்களும் சிறு கோயில்களும். ஒவ்வொன்றிலும் இறங்கி, செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, செருப்பை மாட்டி ஏறுவதற்குப் பத்து நிமிடம். ஒன்றுகூட மனதில் தங்காது. ஆட்டோக்காரர்மேல் குற்றமில்லை; நாம் எண்ணிக்கை கேட்கிறோம், அவர் எண்ணிக்கை தருகிறார். ஒரு பகலுக்கு மூன்று இடம் போதும்: கோயில், தனுஷ்கோடி, மூன்றாவதாக உங்கள் மனதுக்குப் பிடித்த ஏதாவது ஒன்று. பேரம் பேசும்போது இடங்களின் எண்ணிக்கையைவிடக் காத்திருக்கும் நேரத்தைப் பேசுங்கள். தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனையில் எவ்வளவு நேரம் நிற்பார் என்று முதலிலேயே கேட்காதவர்கள், அங்கே கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஹாரன் சத்தம் கேட்பார்கள்.

கோயிலை மதியத்துக்குத் தள்ளிப்போடுவது

இதுதான் பெரிய தவறு, நானே செய்திருக்கிறேன். சித்தி குடும்பம் வந்திருந்தபோது, சூரிய உதயம் பார்த்துவிட்டு வந்து நிதானமாகக் கோயிலுக்குப் போகலாம் என்று தனுஷ்கோடிக்கு அழைத்துப் போனேன். கோதண்டராமர் கோயிலில் கொஞ்சம், கடையில் தேநீர் கொஞ்சம் என்று ராமேஸ்வரம் திரும்பும்போது மணி பன்னிரண்டரை. தீர்த்தமாட வரிசையில் நின்றோம். ஒரு மணிக்கு நடை சாத்தினார்கள். மூன்று மணிக்குத் திறக்கும் வரை, சித்தி சன்னதித் தெருவில் ஒரு கடைத் திண்ணையில் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ராமநாதசுவாமி கோயில் விடியும் முன்பே திறந்துவிடும்; ஐந்து மணியை ஒட்டி ஸ்படிக லிங்க தரிசனம் நடக்கும். ரயிலும் அந்த நேரத்துக்குத்தான் வந்து சேர்கிறது. ஆகவே காலை முழுவதையும் கோயிலுக்குக் கொடுங்கள். முறை இதுதான்: முதலில் அக்னி தீர்த்தம் என்கிற கடலில் முழுக்கு, பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தம், பிறகு உடை மாற்றி தரிசனம்.

அந்த 22 தீர்த்தத்தைப் பற்றி, வராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிணற்றுக் கட்டையின்மேல் ஒருவர் கயிறு கட்டிய வாளியோடு நிற்பார். நீங்கள் போய்க் குனிவதற்குள் வாளி உள்ளே போய் மேலே வந்து உங்கள் தலையில் கவிழ்ந்துவிடும். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும் வரை இதே ஓட்டம். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் தண்ணீர் கரிக்காது. கல்தரை எப்போதும் ஈரம். இளைஞர்கள் ஓடுகிறார்கள், வயதானவர்கள் வழுக்கி விழுகிறார்கள். சாதாரண நாளில் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் அந்தக் கணக்கே கிடையாது. டிக்கெட் போடுமுன் நாட்காட்டியைப் பார்க்காமல் அமாவாசையன்று வந்து இறங்கிவிட்டு, "இங்கே எப்போதும் இவ்வளவு கூட்டமா?" என்று என்னைக் கேட்பவர்களும் உண்டு.

ஈர உடையோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். மாற்றுடை இல்லாமல் வருவதும், ஜீன்ஸ் போட்டுக்கொண்டு தீர்த்தமாடுவதும் அன்றைய பகலைக் கெடுத்துவிடும். ஈர ஜீன்ஸ் மாலை வரை காயாது, தொடையை அறுக்கும். பருத்தி வேட்டி, அடர்ந்த நிறத்தில் பருத்திப் புடவை அல்லது சுடிதார், ஆளுக்கொரு துண்டு, ஈரத்துணிக்கென்று தனியாக ஒரு பை. அந்தப் பை முக்கியம். பெட்டிகளை இழுத்துக்கொண்டு கோயிலைச் சுற்ற முடியாது. நாலு மணி நேரத்துக்காவது ஓர் அறை எடுத்துவிடுங்கள்.

கைபேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. இது தெரிந்தவர்கள்கூட அதன் அடுத்த விளைவை யோசிப்பதில்லை. மூன்றாம் பிராகாரத்தில் 1212 தூண்கள். 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் கட்டி முடித்தது. ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை ஒரு புள்ளியாகத் தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே தூண் வரிசைதான். அங்கே குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிட்டால் கூப்பிடுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. போன வாசலும் திரும்பி வரும் வாசலும் வேறாகிவிட்டால், செருப்பு ஒரு கோபுரத்தடியில், நீங்கள் இன்னொரு கோபுரத்தடியில். "பிரிந்துவிட்டால் இங்கே வந்து நில்லுங்கள்" என்று உள்ளே போகும் முன்பே ஓரிடத்தைக் காட்டிவிடுங்கள். குழந்தைகளுக்கு அல்ல, மாமாக்களுக்கு.

தனுஷ்கோடியை மாலைக்கு வைப்பது

கோயில் முடிந்து சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம், நாலரைக்குக் கிளம்பி சூரிய அஸ்தமனம் என்று திட்டம் போடுகிறார்கள். அரிச்சல்முனை ராமேஸ்வரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். மாலையானதும் போலீஸ் திருப்பி அனுப்பத் தொடங்கிவிடும். இருட்டிய பிறகு அங்கே யாரும் தங்க முடியாது. தாமதமாகப் போனால் சோதனைச் சாவடியைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். இரண்டு மணிக்குள் கிளம்புங்கள். வெயில் கொளுத்தும், உண்மைதான். மரம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள்.

2017இல் புதுச்சாலை திறந்ததிலிருந்து அரிச்சல்முனை வரை வண்டி போகிறது. அந்த வசதியால் வந்த ஒரு நஷ்டம், எல்லாரும் நேராக முனைக்கே போய்ப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வழியில் சாலையோரம் கூரை இழந்து நிற்கும் தேவாலயத்தையும் ரயில்வே கட்டடங்களின் எச்சங்களையும் கண்ணாடி வழியாகவே கடந்துவிடுகிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் இந்த ஊருக்குள் நுழையும் முன்பே கடலுக்குள் போனது. முனையில் பத்து நிமிடத்தைக் குறைத்து இங்கே இறங்குங்கள். தேவாலயச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். பவளப்பாறைக் கல், விரல் பட்டாலே பொடி உதிரும்.

முனையில் இரண்டு பக்கமும் கடல். அமைதியாகக் கிடக்கும் வடக்குப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் இரைந்துகொண்டிருக்கும் தெற்குப் பக்கத்தை ஆண் கடல் என்றும் எங்கள் ஊரில் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெயர்களை நம்பி இறங்கிவிடாதீர்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடக்குப் பக்கமும் பொங்கும். இரண்டு நீரோட்டங்களும் சேரும் இடம் அது. காலடி மணலே இழுத்துக்கொண்டு போகும். குளிப்பதற்கு அக்னி தீர்த்தம் இருக்கிறது.

சில கைபேசிகளில் இலங்கைக்கு வரவேற்கும் குறுஞ்செய்தி வந்து குழந்தைகள் குதிப்பார்கள். தலைமன்னார் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில்தான். ரோமிங்கை அணைத்துவிட்டு வேடிக்கை பாருங்கள். இரண்டு நாட்டுக்கும் மணி ஒன்றுதான், கடிகாரத்தைப் பற்றிய கவலை வேண்டாம்.

ஓலைக் கொட்டகைகளில் மீன் பொரித்துத் தருவார்கள். சீலாவோ பாறையோ, மீனைக் கையில் எடுத்துப் பார்த்து, விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள். பொரித்த பிறகு கேட்பது பேரம் ஆகாது. சில்லறைப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

நடக்காததை நம்பி வருவது

"கச்சத்தீவுக்கு ஒரு எட்டு போய்விட்டு வரலாமா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1974 ஒப்பந்தத்திலிருந்து அது இலங்கை வசம். அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும், முன்கூட்டியே பெயர் பதிந்தவர்கள் போகிறார்கள். பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து வனத்துறை படகில் குருசடைத் தீவுக்குப் போகலாம், ஆனால் காற்று பலமாக வீசினால் படகு இல்லை. அதை மட்டும் நம்பி ஒரு பகலைக் கட்டாதீர்கள். படகு இல்லாவிட்டாலும் குந்துகால் வீணாகாது: 1897 ஜனவரியில் விவேகானந்தர் இலங்கையிலிருந்து கடல் வழியாக வந்து இந்தக் கரையில்தான் இறங்கினார், நினைவு மண்டபம் இருக்கிறது. மூன்றாவது இடமாக நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். குழந்தைகள் இருந்தால் பேக்கரும்பில் கலாம் நினைவிடம்.

பாம்பன் ரயில் பாலம் தூக்குவதைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் உண்டு. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். ஆனால் கீழே கடந்துபோக வேண்டிய கப்பலோ படகோ வந்தால்தான் ஏறும். தினசரிக் காட்சி அல்ல. அதற்காகச் சாலைப் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். தீவுக்குள் போக வர அது ஒன்றுதான் சாலை. நாலு கார் நின்றால் இரண்டு பக்கமும் பஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் நிற்கும். மதுரைக்குப் போய் ரயிலோ விமானமோ பிடிக்க வேண்டியவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அங்கே போக 170 கிலோமீட்டர். கைபேசி வரைபடம் காட்டும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரே பகலில் தீவையும் பார்த்து, உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி, தேவிபட்டினம் எல்லாம் முடித்துவிடலாம் என்பது காகிதத்தில் மட்டும் நடக்கும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரமே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து இவை ஆளுக்கொரு திசையில் இருக்கின்றன. ராமேஸ்வரம் ஏற்கெனவே பார்த்தவர்கள் ராமநாதபுரத்திலேயே இறங்கிவிடலாம். காலையில் உத்தரகோசமங்கை, மரகத நடராஜரைச் சந்தனக் காப்பில்தான் பார்க்க முடியும், காப்பு களைவது மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும். அடுத்து திருப்புல்லாணி. கோயில்கள் மூடியிருக்கும் உச்சி வேளையைக் கீழக்கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல் வேலைப்பாட்டை வெளியில் நின்று பார்த்தாலே நேரம் போவது தெரியாது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் தொதல் அங்கேதான் வாங்க வேண்டும்.

போன மாதம் வந்த அத்தை மகன் இவை எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டான். காலையில் கோயில், இரண்டு மணிக்குத் தனுஷ்கோடி, வரும் வழியில் குந்துகால். ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதாகப் படம்கூட அனுப்பினான். இரவு எங்கள் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தேன். பாலத்தின்மேல் ரயிலின் விளக்குகள் ஒரு கோடாக நகர்ந்து வந்தன. கைபேசி அடித்தது.

"மச்சான், அந்த ஈரத்துணிப் பையை ஆட்டோவிலேயே விட்டுவிட்டோம்."