பெட்டியில் கிடந்த பழைய ஃபிலிமைக் கழுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

படம் எடுத்தும் கழுவாமல் ட்ரங்குப் பெட்டியில் கிடந்த கறுப்பு வெள்ளை ரோலைத் தூக்கிக்கொண்டு வரும் தம்பிகள் ராமநாதபுரம் பக்கம் கூடிக்கொண்டே வருகிறார்கள். சறுக்குவதும் எல்லோரும் அதே இடங்களில்தான். இருட்டில் ரீலில் ஏற்றுவது போன்றவை அவர்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

பழசுதானே என்று நேரத்தைக் கூட்டுவது

வருஷம் ஆக ஆகப் படம் மங்கும், ஃபாக் (ஃபிலிம் முழுக்கப் படரும் கறுப்பு மூட்டம்) ஏறும். படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசலில் இஷ்டத்துக்கு ஊறவிட்டால் படத்தோடு ஃபாக்கும் சேர்ந்து கறுக்கும். ஹெச்.சி. 110 மாதிரி ஃபாக் குறைவாகத் தரும் டெவலப்பரை எடுங்கள். ஃபாக்கை அடக்கும் பென்சோட்ரையசோல் என்ற ரசாயனத்தைத் துளி சேர்த்தால் இன்னும் அடங்கும். ஃபிலிமின் வேகம், அதாவது ஒளியுணர்வு, சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

எல்லா ரோலையும் ஒரே டேங்கில் போடுவது

கூடவே கூடாது. ஒன்றைக் கழுவிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

வெயில் ஏறிய தண்ணீரில் அலசுவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர், அவர் தாத்தா ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்த ரோல். ஊட்டியில் தயாரான 'இந்து' பிராண்டு ஃபிலிம். தெர்மாமீட்டர் வைத்து டெவலப்பரைச் சரியாக 20 டிகிரியில் பிடித்திருக்கிறார். படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சரும் சரி. அப்புறம் மே மாத மதியத்தில், மொட்டை மாடித் தொட்டிக் குழாயைத் திறந்து அதன் அடியில் ரீலை வைத்துவிட்டார். என்னிடம் கொண்டுவந்தபோது எமல்ஷன், அதாவது படம் பதிந்த ஜெலட்டின் பூச்சு, பாலாடை போலச் சுருங்கி ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. ஒரு ஃபிரேமில் வள்ளத்தின் பாய் மட்டும் மிச்சம். அத்தனை வருஷம் தாங்கிய படம் கடைசிப் பத்து நிமிஷத்தில் போய்விட்டது.

பழைய ஜெலட்டின் இன்றைய ஃபிலிம் அளவுக்கு இறுகியதல்ல. குளிர்ந்த ஃபிக்சரிலிருந்து சுடுதண்ணீருக்குத் தாவினால் ஊதி, வெடித்து, கழன்று வரும். 20 டிகிரி கிடைக்கவில்லையா, டெவலப்பரில் இருந்து அலசல் வரை எல்லாவற்றையும் 24-ல் வையுங்கள். டெவலப்பர் நேரத்தை மட்டும் அதற்கேற்பக் குறைத்தால் போதும். நடுவில் தாவல் இருக்கக் கூடாது.

மீன் கட்டும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, பாட்டில்களையும் அலசும் தண்ணீரையும் உள்ளே நிறுத்துங்கள். ஐஸைக் கரைசலில் போடாதீர்கள். இங்கே போர் தண்ணீர் உப்பு. கேன் தண்ணீர்தான் சரி. ஜெலட்டினை இறுக்கும் படிகார ஹார்டனர் கலந்த அமில ஃபிக்சர் நல்ல காவல். ஆனால் அது அலசலை நீட்டும்: எட்டுப் பத்துத் தடவை தண்ணீர் மாற்றி, ஒவ்வொரு தடவையும் சில நிமிஷம் ஊறவிடுங்கள்.

ஒட்டிய காகிதத்தை இழுப்பது

கடலோர ஈரத்தில் 120 அளவு ரோலில் ஃபிலிமோடு சுற்றியிருக்கும் காகிதம் ஃபிலிமோடு ஒட்டிக்கொள்ளும். இருட்டில் பொறுமையாகப் பிரியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் படமும் கூடவே வரும்.

காய்ந்ததும் சுருட்டி வைப்பது

வேண்டாம். நறுக்கி நெகட்டிவ் கவரில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நம் ஊர்க் காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.